நான்தான் என்பதற்கு என்ன சாட்சி

நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பயணிகள் வெளிநாட்டில் காசில்லாமல் திண்டாடிய கதையைப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் நான் நடத்தினால் வகுப்பே சிரிக்கும். பொற்காசைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொள்வார்கள். மீதியை ஊரில் ஒரு வியாபாரியிடம் கட்டிவிட்டு, போகிற ஊரில் காட்டிப் பணம் வாங்க அவர் கொடுத்த சீட்டோடு கடல் தாண்டுவார்கள். அங்கிருக்கும் அவருடைய கூட்டாளி அதைப் புரட்டிப் பார்த்து, "நீருதான் அந்த ஆளுன்னு யாருவே சொல்லுதது?" என்று கேட்டால் தீர்ந்தது. கூட்டாளியாக நடித்தே காட்டுவேன். எனக்கு வாய் அதிகம்.

அந்தப் பயணிகளின் கடிதங்களைப் படிக்கத்தான் லண்டன் போனேன். ரயிலில் என் கைப்பை களவு போனது. போன், கார்டு, பணம் எல்லாம் அதில். பாவாடையில் தைத்த பைக்குள் இருந்த பாஸ்போர்ட் மட்டும் தப்பியது. ஊர் திரும்ப இன்னும் இரண்டு நாள். மத்தியானத்துக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் அறையைக் காலி செய்யவேண்டும் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். வெளியே மழை.

எனக்கு மனப்பாடமான எண் தம்பியுடையது ஒன்றுதான். வங்கியில் வேலை பார்க்கிறான். பாகப்பிரிவினைச் சண்டையில் அவன் மனைவியும் நானும் பேசி ஒரு வருஷமாகிறது. வேறு வழி? விடுதிப் போனில் கூப்பிட்டேன்.

"லே, அக்கா பேசுதேன். பையக் களவாண்டுட்டானுவ. ஓட்டல்ல இருந்து உனக்கு ஒரு லிங்க் வரும், அதுல பணத்தக் கட்டிரு."

"இதத்தான் பேங்க்ல தெனமும் எச்சரிக்கோம்" என்றான். "கொரலக்கூட மெஷின்ல செய்யுதானுவ. வேற ஆளப் பாருங்க."

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பெட்டியோடு வாசலருகே உட்கார்ந்தேன். மழையைவிட, பசியைவிட, கூடப்பிறந்தவனுக்கே நான் யாரோ ஆகிவிட்டதுதான் பெரிதாகத் தெரிந்தது. வரவேற்பு மேசைப் பெண் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசியில் அவள் என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினாள். தம்பி மனைவி.

"மைனி, அந்த லிங்க்ல பணம் கட்டியாச்சு. சாப்பிட்டியளா?"

"நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கென்ன தெரியும்? களவாணின்னுதான் உங்க தம்பி இப்பவும் சொல்லுதாவ. களவாணின்னா ரூவாயோட போச்சு. நீங்களாவே இருந்துட்டா?"

"நான்தான்" என்றேன்.