படவு வந்தாத்தான் பஸ்ஸு

போன மாதம் பழவேற்காட்டில் ஒரு கல்யாணம். பேரன் கார் ஓட்ட, நான் முன்சீட்டில் பெல்ட்டால் கட்டிய மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குக் கீழே மாட்டியிருந்த போனுக்குள்ளிருந்து ஒரு பெண் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். தச்சூர் கூட்டுரோடு தாண்டி எங்கோ ஒரு திருப்பத்தைத் தவறவிட்டோம். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. யூ டர்ன் எடுக்கச் சொன்னாள். எடுக்க இடமில்லை, சாலை நடுவில் சுவர். திரும்புவதற்காகவே வெகுதூரம் நேராகப் போனோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா தாத்தா?" என்றான்.

"ஒண்ணுமில்லடா, இதே பக்கத்துல ஒரு பஸ்ஸு திரும்ப எடமில்லாம நின்ன கதை..."

அவன் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான். அவன் கேட்காத கதையைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் பாட்டு வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அப்போது சாலையோரத்தில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை இறக்கி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தேன். தார் வாசம் வந்தால் எல்லோருக்கும் சாலை ஞாபகம் வரும். எனக்குப் படகு. கோடை வந்தால் கிளிஞ்சல்மேட்டில் படகுகளைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, அடியில் தார் பூசுவார்கள். ஊரே ஒரு வாரம் அந்த வாசத்தில் இருக்கும். குழம்பில்கூட இருக்கும்.

கிளிஞ்சல்மேடு எங்கள் பக்கத்துக் கால்வாய்க்கரை ஊர், உங்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் ரயில் போட்டவர்களுக்கு இருக்கவில்லை. சென்னையிலிருந்து வடக்கே போன ரயில், கும்மிடிப்பூண்டி வழியாக எங்களைக் கடைக்கண்ணால்கூடப் பார்க்காமல் போய்விட்டது. கல்கத்தா போகிற பெரிய ரோடும் அப்படியே. எங்களுக்கு வாய்த்தது கால்வாய். சவுக்குக்கட்டை, கிளிஞ்சல், உப்பு, கருவாடு, கல்யாணப் பெண், கோர்ட்டுக்குப் போகிறவன் எல்லாம் ஒரே படகில் பாய் விரித்துப் பட்டணம் போனது. காற்று இருந்தால் நாளைக்கு. இல்லாவிட்டால் அதற்கு அடுத்த நாள். கழி ஊன்றித் தள்ளினால் தள்ளுகிறவன் மனசு.

ஊர்ப் படகுத்துறையில் படகெல்லாம் முனுசாமியுடையது. அகலமான ஆள், குரலும் அகலம். துறைக்கு எதிரே கதீஜாக்காவின் நாஷ்டாக் கடை. பழவேற்காட்டில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். புருஷன் போன பிறகு ஓலைக் கொட்டகை போட்டு ஆப்பம் சுட்டார். இரண்டு பெண் பிள்ளைகள் அந்த ஆப்பச்சட்டியில்தான் வளர்ந்தன. படகு வரும்வரை காத்திருப்பவர்கள் தின்பார்கள். படகில் வந்து இறங்கியவர்கள், இறங்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் தின்பார்கள். காற்று விழுந்துவிட்டால் கதீஜாக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை மறைக்க முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "பாவம் ஜனங்க" என்பார்.

நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மீதிப் படிப்பைப் பிரயாணிகள் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் பாதியை அச்சில் போட முடியாது.

கிளிஞ்சல்மேட்டுக்கு ரோடு வரப்போகிறது என்று சர்க்கார் முடிவு செய்தபோது, அதற்காக அதிகம் மனு போட்டது கதீஜாக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் எழுதத் தெரிந்தவனுக்கெல்லாம் ஆப்பம் கொடுத்தே எழுதவைத்தார். ரோட்டுக்கு வேண்டிய ஜல்லியோ தெற்கே இருந்து வரவேண்டும். எதில் வரும்? கால்வாயில்தான். முனுசாமியின் படகுகள் ஒரு வருஷம் கல் சுமந்தன. கல் துறையில் இறங்கியதால் ரோட்டையும் துறையிலிருந்தே ஆரம்பித்து மேற்கே கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை நோக்கிப் போட்டார்கள். "எம்மாம் ரோடு! எம்படவுல வந்த ரோடு!" என்று முனுசாமி அதன்மேல் செருப்பில்லாமல் நடந்து காட்டுவார். தன் பிழைப்பைத் தானே சுமந்துகொண்டு போய் இறக்கிவிட்டு, கூலியும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பெருமையும் பட்டவரை நான் வேறு பார்த்ததில்லை. பிற்பாடு கொஞ்சம் பார்த்தேன்.

எங்கள் பஸ் அங்கே முதன்முதலாகப் போன நாள். வாழைமரம், மாலை, மேளம். டிரைவர் கோவிந்தண்ணன் நெற்றி நிறையப் பொட்டோடு ஓட்டினார். அவர் தெலுங்குப் பக்கம். யாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தால்கூட. துறை வரை போய் நிறுத்தினோம். கதீஜாக்கா ஊருக்கே ஆப்பம் சுட்டிருந்தார். எல்லாம் தின்று முடித்து, கை கழுவிவிட்டு, கோவிந்தண்ணன் கேட்டார்:

"செரி நைனா, வண்டிய எங்க திருப்பறது?"

ஒருவருக்கும் புரியவில்லை. முனுசாமிதான் பதில் சொன்னார்.

"இன்னாத்துக்குத் திருப்பணும்? அந்தாண்ட பக்கம் போய்க் குந்திக்கினு ஓட்டு."

சிரிக்காதீர்கள். படகுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். இரண்டு முனையும் கூர். போகிற திசை மாறினால் கழி ஊன்றுகிறவன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போவான், படகு இருந்த இடத்திலேயே இருக்கும். பிறந்ததிலிருந்து அதையே பார்த்த ஊருக்கு, ஒரு வண்டிக்கு முகம் என்று ஒன்று உண்டு, அது திரும்ப இடம் வேண்டும் என்பது எப்படித் தோன்றும்? மனு போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. ரோடு போட்டவர்கள் படித்தவர்கள், அவர்களுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நான் மாலை வாங்கிக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

"பின்னாலயும் கண்ணாடி வச்சிக்கீதே, பாத்துக்கினு போயேன்" என்று ஒருவர் யோசனை சொன்னார்.

கடைசியில் அப்படித்தான் போனோம். ஒரு பக்கம் உப்பளச் சேறு, மறுபக்கம் கால்வாயின் கிளை வாய்க்கால். நான் பஸ்ஸுக்குப் பின்னால் விசில் ஊதிக்கொண்டு நடக்க, அலங்கரித்த பஸ் பின்புறமாகவே இரண்டு மைல் போய், வழியிலிருந்த நாவல்பேடு மந்தைவெளியில் மாடுகளை விரட்டிவிட்டுத் திரும்பியது. உள்ளே இருந்த கிளிஞ்சல்மேட்டுக்காரர்கள் ஒருவரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. ரொம்ப சௌகரியமாக இருந்தது என்றார்கள்.

முதலாளிக்கு சௌகரியமாக இல்லை. மறுநாளிலிருந்து பஸ் நாவல்பேட்டோடு சரி. மாடு கட்டிய இடத்தில் ஒரே மாதத்தில் வெற்றிலைக் கடை, சைக்கிள் கடை, முடிதிருத்தகம். படகில் போனவர்களில் பாதிப் பேர் விடியலில் நடந்து போய் பஸ் ஏறினார்கள். ரோடு வந்த கிளிஞ்சல்மேட்டில் கதீஜாக்காவின் மாவு புளித்துப் பொங்கி, மாலையில் வாத்துக்குப் போனது. பெரியவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. "மனு போட்ட கைய ஒடிச்சி அடுப்புல வெக்கணும்" என்பார். ஆப்பத்துக்காக நாவல்பேட்டிலிருந்து வெயிலில் நடந்து வந்த ஒரே பைத்தியம் நான்தான். அதனால்தான் அந்தச் சண்டையை நேரில் கேட்கக் கொடுத்துவைத்தது.

துறைக்குப் பக்கத்தில் பஸ் திரும்பக் கூடிய காலி இடம் ஒன்றே ஒன்று. முனுசாமி படகு கவிழ்த்துப் போடும் திடல். கதீஜாக்கா அதைக் கேட்டார்.

"எம்படவு கவுந்து கெடக்கற எடத்துல ஒம்பஸ்ஸு திரும்பணுமா?" என்றார் அவர்.

"நிமுந்து கெடந்தா கேப்பனா? கவுந்துதானே கெடக்குது."

எனக்கு ஆப்பம் புரையேறிவிட்டது. முனுசாமி என்னை முறைத்தார்.

"பஸ்ஸு இங்க வந்தா எம்படவுல எவன் குந்துவான்? நீயே சொல்லு."

"இப்ப மட்டும் ரொம்பக் குந்திக்கினு கீறாங்களாக்கும். ரெண்டு மைலு நடந்து போயி ஏறிக்கினுதானே கீறான் ஒவ்வொருத்தனும். நடந்து போறவன் என் கடையத் திரும்பிப் பாக்கறதில்ல. நீ குடுக்காத. நாளைலேர்ந்து நாஷ்டாவுக்கு நாவல்பேடு போ. அங்க முடிவெட்டறவன் ஆப்பம் சுடுவான்."

முனுசாமி மூன்று வேளையும் தின்கிற இடம் அது. பெண்டாட்டி இல்லாத மனிதர். வெளியே போய்க் கவிழ்ந்த படகின் முதுகில் உட்கார்ந்துகொண்டார். கதீஜாக்கா கூப்பிடவில்லை, அடுப்பை ஊதினார். ரொம்ப நேரம் கழித்து முனுசாமி வாசலில் வந்து நின்று, கடைக்காரியிடம் பேசாமல் என்னிடம் பேசினார்.

"தோ பார் கண்டக்டரு. எடம் உடறேன். ஒண்ணே ஒண்ணு. படவு வந்தாத்தான் பஸ்ஸு கெளம்பணும். வடக்கேர்ந்து எம்படவுல வர்ற ஜனத்த ஏத்திக்காம போனா, அன்னிக்கே ரோட்டு மேல படவக் கவுத்துடுவேன்."

முதலாளி இதை ஒத்துக்கொண்டதுதான் பெரிய அதிசயம். நாவல்பேட்டில் ஏறுகிற கூட்டம் அவருக்குப் போதவில்லை. வடக்கே தீவுக் குப்பங்களிலிருந்து வரும் மீனும் கூடைக்காரிகளும் வேண்டியிருந்தார்கள். அப்படியாக, இந்தியாவிலேயே காற்று அடித்தால் கிளம்புகிற ஒரே பஸ் எங்களுடையதாக இருந்தது. காலையில் நான் பஸ் கூரைமேல் ஏறி நின்று பழவேற்காடு ஏரிப் பக்கம் கண்ணைக் குவித்துப் பார்ப்பேன். பாய் தெரிந்தால் கீழே குரல் கொடுப்பேன். கோவிந்தண்ணன் எஞ்சினைக் கிளப்ப ஹேண்டில் போட்டுச் சுற்ற ஆரம்பிப்பார். தெரியாவிட்டால் கீழே இறங்கி இன்னும் இரண்டு ஆப்பம்.

கூட்டம் என்றால் கூட்டம். படகுக்காகப் பஸ்ஸும், பஸ்ஸுக்காக ஜனமும், ஜனத்துக்காக ஆப்பமும் காத்துக்கிடந்தன. கொட்டகை ஓட்டுக் கூரை ஆயிற்று. வளையல்காரர் வந்தார், துணி மூட்டைக்காரர் வந்தார், வாரம் ஒருநாள் பல் பிடுங்குகிறவர் வந்தார். பெரியவள் கல்யாணம் நடந்தது. பஸ்ஸில் ஏறியவர்கள் படகுப் பழக்கத்தில் இரண்டு பக்கமும் எடை பார்த்து உட்காருவார்கள். "ஏய் குண்டு, நீ அந்தாண்ட போ, வண்டி சாயுது" என்று முனுசாமி வெளியே நின்று பஸ்ஸுக்கும் ஆள் பிரித்துக்கொடுப்பார். நானும் தடுத்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வளைவுகளில் வண்டி நன்றாகத்தான் போனது.

எல்லாவற்றுக்கும் வினை ஒரு கடிகாரத்தில் வந்தது. கும்மிடிப்பூண்டியில் ரயிலைத் தவறவிட்ட ஒரு பெரிய மனிதர் மேலே எழுதிப்போட்டார். முதலாளி சுவர்க் கடிகாரம் ஒன்றை வாங்கி, அதோடு ஒரு டைம்கீப்பரையும் துறைக்கு அனுப்பினார். இனி பஸ் நேரப்படி. முனுசாமி சொன்னபடி படகை ரோட்டில் கவிழ்க்கத்தான் போனார். போலீஸ் வந்ததால் கவிழ்க்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். இழுக்க ஆள் சேரவில்லை. சேரவேண்டியவர்கள் எல்லாம் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, நேரமாயிற்று என்று என்னிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேரம் தெரிந்த ஜனம் நேரத்துக்கு வந்தது. வந்ததும் ஏறியது. ஏறியதும் போனது. பஸ் அழகாக, மூக்கு இடிக்காமல், திடலில் ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது. கதீஜாக்கா ஓட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. சின்னவள் கல்யாணத்துக்குக் காணும் அளவு ஆப்பம்தான் விற்கவில்லை.

ஒருநாள் காலை ஆப்பச்சட்டியையும் மாவுப் பானையையும் சின்னவளையும் தூக்கிக்கொண்டு என் பஸ்ஸில் ஏறினார்.

"எங்கக்கா?"

"கும்முடிப்பூண்டி கேட்டாண்ட."

"கேட்டாண்ட இன்னா கீது?"

"கேட்டுதான்டா கீது. மூடுனா ரயிலு போற வரைக்கும் தொறக்க மாட்டானாமே. லாரிக்காரன், வண்டிக்காரன், பஸ்ஸுக்காரன் எல்லாரும் நிக்கறானுங்க. ஓடறவனுக்கு எங்கடா பசிக்கும்? நிக்கறவனுக்குத்தான் பசிக்கும். எனக்கு அத்தினி மனு எழுதிக் குடுத்தானுங்களே, ஒருத்தன் இத்தச் சொன்னானா?"

அவர் கணக்கு தப்பவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து ஆரம்பித்த கடை, வருஷங்கள் போய் தொழிற்பேட்டை வந்தபோது, ஆலைச் சங்குக்கு ஓடுகிறவர்களும் அந்தக் கேட்டில் வேறு வழியில்லாமல் நின்றதால் மாடிக் கட்டடம் ஆயிற்று. சின்னவள் கல்யாணத்துக்கு நான் பந்தியில் பரிமாறினேன். முனுசாமியும் வந்திருந்தார். வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து அந்தக் கடையில் உட்காருவார். "படவுல வந்திருந்தா இன்னும் ருசியா இருந்திருக்கும்" என்பார். "படவுல வந்திருந்தா நாளைக்குத்தான் வந்திருப்ப" என்பார் கதீஜாக்கா, அடுத்த ஆப்பத்தை அவர் தட்டில் போட்டபடி.

பிறகு கேட்டுக்கு மேலே பாலம் கட்டினார்கள். கடை பாலத்தடி இருட்டுக்குள் போயிற்று, யாரும் நிற்கவேண்டியிருக்கவில்லை. அதற்குள் இருவரும் போய்விட்டார்கள், நல்லவேளை. பேரப்பிள்ளைகள் கட்டடத்தை ஒரு செல்போன் கடைக்கு விட்டுவிட்டுத் துபாய் போனார்கள். கிளிஞ்சல்மேட்டில் கால்வாய் தூர்ந்து கருவேல மரம் முளைத்திருக்கிறது. நாவல்பேட்டுக்கு மேலாக இப்போது நான்கு வழிச் சாலை ஒன்று தாண்டிப் போகிறது. அங்கே இறங்க வழி வைக்கவில்லை.

அன்றைக்குக் கல்யாணத்துக்குத் தாமதமாகத்தான் போனோம். காட்டுப்பள்ளித் துறைமுகம் போகும் பாதையில் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நின்றன. எங்கள் காரும் அந்த வால் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. பக்கத்து லாரியின் நிழலில் ஒரு டிரைவர் பையன் துண்டை விரித்துப் படுத்திருந்தான். கண்ணாடியை இறக்கி, எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டேன்.

"நேத்து காலைலேர்ந்து தாத்தா."

"நாஷ்டா?"

பாலிதீன் பையில் இருந்த பாதி பன்னைத் தூக்கிக் காட்டினான்.

"இத்தினி பேரு நிக்கறீங்களே, ஒரு கடைகூட இல்லையாடா?"

அவன் எழுந்து உட்கார்ந்து, என் வயதுக்கு மரியாதை கொடுத்து, தலைக்கு மேலே இருந்த பலகையைக் கையால் காட்டினான். வண்டியின் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"இங்க யாரும் நிக்கக் கூடாது தாத்தா. நிக்காத எடத்துல எவன் கடை போடுவான்?"