நன்றி சொல்ல வராத ஜீப்

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. இதுவரை நான்கு சட்டமன்றத் தேர்தல்களில் நின்றிருக்கிறார். முதல் முறை சுயேச்சையாக நின்று டெபாசிட்டைப் பறிகொடுத்தார். அடுத்த முறை பெரிய கட்சியின் சின்னம் கிடைத்தும் தோற்றார். பிறகு தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்தார். அவருடைய ஆட்கள் இதை மேடைக்கு மேடை சொல்வார்கள். எங்கள் ஊர் பூத்தில் மட்டும் நான்கு முறையும் அவர் தோற்றதைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான்.

தொகுதியே அவரைத் தேர்ந்தெடுத்த பிறகும் நாங்கள் போடாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டோரமாக உள்ளே தள்ளி இருக்கிறது. ஓசூர் கம்பெனிகளில் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்கு விடியற்காலை டவுன் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. அவர் முதல் தடவை ஜெயிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒன்றியத் தலைவராக இருந்தபோது, அந்த பஸ்ஸைத் தன் சொந்த ஊர் வழியாகத் திருப்பிவிட்டுக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் டார்ச் லைட்டோடு ராகிக் கொல்லைகளுக்கு நடுவே மெயின் ரோடு வரை நடந்தோம். ராகி கதிர் பிடித்தால் யானை இறங்கும். முன்னால் போகிறவள் பாதையில் புது யானை லத்தியைப் பார்த்துவிட்டால் எல்லோரும் வந்த வழியே திரும்பி ஓடுவோம். அன்றைய வேலை போச்சு.

ஒவ்வொருத்தியாக வேலையை விட்டார்கள். நான் அப்போதுதான் கம்பெனியில் லைன் லீடர் ஆகியிருந்தேன். "பஸ்ஸு வந்தா போ. இல்லன்னா நின்னுக்க, மாப்பிள பாக்கறேன்" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு மனுஷன் பஸ்ஸைத் திருப்பியதற்கு நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்?

ஓட்டு ரகசியம் என்பார்கள். எங்கள் ஊருக்கு ஒரே பூத். எண்ணி முடித்ததுமே ஊர் யார் பக்கம் என்று வெளிச்சமாகிவிடும். ஜெயித்தவர் திறந்த ஜீப்பில் ஊர் ஊராக நன்றி சொல்ல வருவது இங்கே வழக்கம். அவர் முதல் தடவை ஜெயித்தபோது, ஜீப் பக்கத்து ஊர் வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போய்விட்டது. மேளச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஆடிப்போனார்கள். சால்வை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், இனிமேல் எங்கள் ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான் என்று சமாதானம் பேசுவதாக முடிவு செய்தார்கள். பஸ்ஸைப் பிடுங்கியவருக்குச் சால்வையா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் ஜீப் கெலமங்கலம் வருகிறது என்று கேள்விப்பட்டேன். வேலையை இன்னும் விடாத பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைத்தெருவில் ஜீப்புக்குக் குறுக்கே நின்றேன்.

"எந்த ஊரும்மா?" என்று மைக்கிலேயே கேட்டார். சொன்னேன். ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"உங்க ஊர்ல எனக்கு ஓட்டே விழலியேம்மா!"

"விழலீங்ணா. நானும் போடல."

என் கூட வந்தவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை.

"போட்டவங்களுக்கு நன்றி சொல்லுங்க, வேணாங்கல. போடாதவங்களுக்கும் நீங்கதான எம்.எல்.ஏ.? எங்க பஸ்ஸ எங்களுக்கே திருப்பி வுடுங்க."

அவர் பக்கத்திலிருந்த ஆளிடம் குனிந்து, இந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம் என்று தெலுங்கில் சொன்னார். மைக் அதையும் ஊருக்கே சொன்னது. நடைதான் அதைவிட அதிகம், மெயின் ரோடு வரைக்கும் தினமும் நடக்கிறேன் என்று நானும் எங்கள் எல்லைப் பக்கத்துத் தெலுங்கிலேயே சொன்னேன். பூ விற்றுக்கொண்டிருந்த கன்னடக்கார அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அதற்குள் எல்லோர் கையிலும் செல்போன் மேலே எழுந்திருந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாக்கறேம்மா, பாக்கறேன்" என்றார்.

ஊர் மானத்தைச் சந்தையில் விற்றுவிட்டேன் என்று பெரியவர்கள் என்னைத் திட்டினார்கள். ஆனால் அந்த வீடியோ தொகுதி முழுக்கச் சுற்றியது. கொஞ்ச நாளில் பஸ் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே வாழை மரமும் அவர் படமும் கட்டியிருந்தார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினேன். நன்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. அப்பா மாப்பிள்ளைப் பேச்சை விட்டுவிட்டார். வேலையை விட்ட பெண்களில் பாதிப் பேர் மறுபடியும் கம்பெனிக்கு வந்தார்கள்.

அடுத்த தேர்தலில் அவருடைய ஆட்கள் வீடு வீடாக வந்து, "அதான் பஸ்ஸு வுட்டாச்சே, இந்த வாட்டியாவது போடுங்க" என்றார்கள். பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் அது உபகாரமா? நான் போடவில்லை. எங்கள் பூத்தில் அவர் மறுபடியும் தோற்றார், தொகுதியில் மறுபடியும் ஜெயித்தார்.

இந்த முறை நன்றி சொல்லும் ஜீப் எங்கள் ஊருக்குள் வந்தது. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். போன முறை பட்டது நினைவிருந்ததோ என்னவோ, மைக்கைக் கவனமாக அணைத்துவிட்டுக் கீழே குனிந்தார்.

"இந்த வாட்டியும் போடலியாம்மா?"

"போடலீங்ணா" என்றேன். "செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு ஊருக்கு வர பஸ் இல்ல. அத எப்ப வுடறீங்க?"