தாலியைக் கழற்றிவிட்டு

பாண்டிச்செல்விக்கு வந்த கோபத்தில் அந்தப் பழைய காரைப் படப்பை ஏரியிலேயே தள்ளியிருப்பாள். ஒரகடத்தில் காருக்கான வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் போர்டில் நிற்கிறவள் அவள். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால், அந்தக் கட்டை அவளைத் தாண்டி மேனேஜரே நகர்த்த முடியாது. இன்னொரு கம்பெனியில் மெஷின் ஓட்டும் அவள் வீட்டுக்காரன் இசக்கியோ, பின்விளக்கு ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பத்து ஆம்பியர் இருந்த இடத்தில் முப்பதைச் சொருகிவிட்டு ஒரு வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தான். இன்று ராத்திரி அதே வண்டியில் மகளையும் ஏற்றிக்கொண்டு நாங்குநேரிக்குக் கிளம்புகிறானாம்.

"ஃபியூஸ் ஏன் போவுதுன்னு பாத்தீயளா?"

"இப்ப போவலைல்லா? டார்கெட் முடியணும்னா எங்க கம்பெனி லைன்லயே சேஃப்டி சென்சாருக்குப் பைபாஸ் போட்டுத்தான் ஓட்டுதோம்."

ஃபியூஸ் போகாவிட்டால் வயர்தானே எரியும்! அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. லைனில் பழகிய கேடுகெட்ட புத்தியைப் பிள்ளை உட்காரும் வண்டிக்குள்ளுமா கொண்டுவருவது?

அவன் குளிக்கப் போனதும் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றினாள். கடைசியாகத் தாலிச் சங்கிலி. நகையே போடக் கூடாத கம்பெனியில் தாலிக்கு மட்டும் சலுகை உண்டு, டேப் சுற்றிக்கொள்ளலாம். பேட்டரிக்கு அந்தச் சலுகையெல்லாம் தெரியாது. குனியும்போது சங்கிலி பிளஸ்ஸிலும் வண்டி இரும்பிலும் சேர்ந்து பட்டால் கழுத்து வெந்துவிடும். முதலில் மைனஸ் வயரைப் பிரித்தாள். ஃபியூஸையும் பல்புகளையும் உருவினாள். மீட்டரின் ஒரு முனையைப் பின்விளக்கு வயரிலும் மறுமுனையை இரும்பிலும் வைத்தாள். கத்தவே கூடாத மீட்டர் கத்தியது; வயர் எங்கோ இரும்பைத் தொடுகிறது.

ஈரத்தலையோடு வந்த இசக்கியின் கண்ணில் பட்டது அவளுடைய வெறுங்கழுத்துதான்.

"ஏட்டி, நான் உசுரோட இருக்கும்போதே தாலியக் கழத்தி வச்சிருக்கியே! எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவள் பின்சீட்டைத் தூக்கினாள். சீட்டுக் கம்பி உரசி உரசித் தோலுரிந்த வயர் கரியாகிக் கிடந்தது. அதற்கு மேலே சீட்டின் அடிப்பஞ்சு கையகலத்துக்குப் பொசுங்கியிருந்தது. எப்போதும் மகள் உட்காரும் பக்கம் அது.

"உங்க உசுரு என் கழுத்துல தொங்குதுன்னு பதறுதீயளே, பிள்ள உசுரு எதுமேல உக்காந்திருந்துச்சுன்னு தொட்டுப் பாருங்க!"

இசக்கி தொட்டான். கரி விரலில் ஒட்டியது.

ஊருக்குப் போகிற குஷியில் மகள் காரைப் பார்த்து ஓடிவந்தாள். அவன் பாய்ந்துபோய் வாசலிலேயே அவளை மறித்துத் தூக்கிக்கொண்டான்.