இடது கையின் சுற்றளவு

கல்யாண மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மன்னார்க் கடைத்தெருவில் நகை செய்பவர் என் விரலைப் பிடித்துக்கொண்டு சிறிய பல்வாளால் மோதிரத்தை அறுத்தபோது, என் கணவர் தெருவைப் பார்த்தபடி நின்றார். இடது மார்பையும் அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் வெட்டியெடுத்து இரண்டு வருடமாகியிருந்தது. நோய் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம். பிறகுதான் அந்தப் பக்கத்துக் கை ஊதத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் பிள்ளை நாடாவால் கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை அளந்தாள். உயிலங்குளத்தில் வயல் செய்யும் குடும்பத்துப் பெண்.

"வாய்க்கால அடைச்சா வயலுக்க தண்ணி நிக்குமெல்லோ அக்கா, அதுதான் இது. அந்த வாய்க்காலத் திரும்ப வெட்டேலாது. பக்கத்தால திருப்பி விடப் பாக்கலாம்."

"அப்ப மாறாதோ?"

"மாறாது. ஒவ்வொரு நாளும் பாத்தா, கூடாம வச்சிருக்கலாம்."

கட்டுப் போடுவதையும் தடவுவதையும் என் கணவருக்குப் பழக்கினாள். அவர் கடல்தொழில் செய்பவர். முதல் நாள், தண்ணீரைப் பிழிந்தெடுப்பவர்போல அழுத்தினார்.

"அண்ணை, இது வலை இழுக்கிற வேலையில்ல. தோல் மட்டும் அசையோணும்."

"இப்பிடித் தடவினா எப்பிடிப் பிள்ளை தண்ணி போகும்?"

நம்பிக்கையில்லாமல்தான் பழகினார். விடியக் கரைக்கு வந்து, மீன் விற்று, குளித்துவிட்டு என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காருவார். கயிறு இழுத்து வெடித்த கைகள் என் தோலைக் கீறிவிடும் என்று முதலில் தன் உள்ளங்கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவார். தடவி முடித்த பிறகு விரல்களிலிருந்து மேலே கட்டுவார்; கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. மத்தியான வெக்கையில் கட்டுக்குள் கை அவியும். அவிழ்த்து எறியலாம் போலிருக்கும். ஆனாலும் மூன்று மாதத்தில் முழங்கைக்குக் கீழே சுற்றளவு இரண்டு சென்றிமீற்றர் குறைந்தது. கோயிலடியில் கண்டவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும்.

அந்தக் கையில் சின்னக் காயம் பட்டாலும் கிருமி ஏறும், மீன் வெட்டக்கூடாது என்று பிள்ளை சொல்லியிருந்தாள். அவர்தான் வெட்டித் தருவார். ஒரு நாள் களைப்பில் நித்திரையாகிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் நானே முதுகில் கூர்முள் உள்ள ஓரா மீனை எடுத்தேன். கத்தி வலது கையில்தானே என்று நினைத்தேன். மீனைப் பிடித்திருந்த இடது கையில் முள் ஏறியது.

பின்னேரம் எனக்கு உடம்பு குளிரத் தொடங்கியது. இரவாகுமுன் கை தோள்வரை சிவந்து கொதித்தது. ஒரு கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து ஊசி போட்டார்கள். அந்த நாட்களில் கட்டவும் தடவவும் கூடாது என்றார்கள். என் கணவர் கட்டிலருகே எண்ணெய்ப் போத்தலோடு சும்மா இருந்தார்.

காய்ச்சல் விட்டபின் பிள்ளை மறுபடி அளந்தாள். முதல் நாள் இருந்ததைவிடக் கூட. எழுதிவிட்டு நாடாவை மேசையில் வைத்தாள்.

"திரும்பத் தொடங்குவம் அக்கா."

"எத்தின தரம் பிள்ளை?"

அவள் கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவர், "இனி நான் ஓரா கொண்டு வரமாட்டன்" என்றார்.

"மீன் என்னப்பா செய்தது? விடுங்கோ."

மாரியில் மறுபடி காய்ச்சல் வந்தது. இம்முறை முள்ளுமில்லை, கீறலுமில்லை. அப்படியும் வரும் என்று பிள்ளை சொன்னாள். அதன் பிறகு தோல் தடித்து இறுகிவிட்டது. விரலால் அமுக்கினால் முன்போலக் குழி விழுவதில்லை. வீக்கம் கூடாமல் போடவென்று அளவெடுத்துக் கொழும்பிலிருந்து வந்த, தோள்வரையான இறுக்கமான உறை முழங்கையைத் தாண்டவில்லை. அந்த அளவு காய்ச்சலுக்கு முந்தியது.

"விடுங்கோப்பா, காணும்" என்று எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் விடிய வந்து தடவுகிறார், மிக மெதுவாக, பிள்ளை காட்டியது போலவே. சில நாள் பாதியில் அவருக்குக் கண் சொருகிவிடும். நான் எழுப்புவதில்லை. கை அவர் மடியில் பாரமாகக் கிடக்கும்.