நான் எடைக்கல்லாக இருந்த ஞாயிற்றுக்கிழமை

மூச்சை அடக்கினால் உடம்பின் எடை குறையும் என்று பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். நம்பியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரே கூடி நின்ற ஒரு பந்தயத்தில் அதைச் செய்தும் பார்த்தேன். அதற்கு ஒரு மாதம் முன்புதான் பல்லி மாதிரி சுவரில் ஏறப் போய், பீரோ மேல் விழுந்து, முன்பல்லில் பாதியைப் பறிகொடுத்திருந்தேன். என் அறிவைப் பற்றி வீட்டில் யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்களுக்கும் அது வேண்டாம்.

சுவர் ஏறியதற்குக் காரணம் சித்தப்பாவின் ஷூ.

சித்தப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலி. வேலை போக மீதி நேரமெல்லாம் கவரைப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை ஜிம்மில்தான் கிடப்பார். ஜிம் என்று பெயரே தவிர, உள்ளே இருந்தவை நாலு லாரி டயர், இரண்டு தண்டவாளத் துண்டு, ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியிலும் கீழ்ப் பாதி உடைந்துபோனதால் எல்லாரும் மார்புக்கு மேலேதான் பலசாலிகளாகத் தெரிவார்கள். டயரைப் புரட்டுவது, இரண்டு கையிலும் இரும்பைத் தூக்கிக்கொண்டு நடப்பது, உருண்டைக் கல்லைத் தோளில் ஏற்றுவது, கடைசியில் லாரியைக் கட்டி இழுப்பது என்று பலசாலிப் போட்டிக்கு நாலைந்து கட்டம் உண்டு. சித்தப்பா நாலைந்திலும் பழகினார்.

அந்த வருடம் எங்கள் தொழிற்பேட்டையிலேயே போட்டி. முதலில் வருகிறவருக்கு, அதையே தொழிலாகச் செய்கிற பெரிய பலசாலிகளோடு மோத ஓர் இடம். ஒரே ஓர் இடம். நைனா, அதாவது என் அப்பா, சித்தப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "ஜெயிச்சா போ, நான் தடுக்கல. தோத்தா வாய மூடிக்கினு பர்னஸ் வேலையில போய் நிக்கணும். மேஸ்திரி கிட்ட சொல்லி வெச்சிட்டேன்."

பர்னஸ் என்றால் உலைவாய். அங்கே நிற்பவர்கள் சாயங்காலம் வீடு திரும்பும்போது வெந்த கத்திரிக்காய் மாதிரி இருப்பார்கள். சித்தப்பா அப்படி ஆவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர் வெல்வதற்காக என் பங்கு முட்டையை மாதக்கணக்கில் தியாகம் செய்திருந்தேன். தியாகம் என்பது நானாக வைத்துக்கொண்ட சொல். கேட்காமலே எடுத்து அவர் தட்டில் வைத்துவிடுவார்கள். எங்களுக்கு முட்டைக் குழம்பில் குழம்பு மட்டும் வந்தது.

ஷூ எங்கிருந்தோ வெளிநாட்டிலிருந்து வந்தது. பாறை ஏறுகிறவர்கள் போடுவதாம். அடியில் கறுப்பு ரப்பர். தரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் அதற்குப் பல்லி ஷூ என்று பெயர் வைத்தோம். அதைப் போட்டுக்கொண்டு நான் சுவரில் ஏறியது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு, கால் பழக வேண்டும் என்று சித்தப்பா ஒரு மாதம் அதைக் கழற்றவே இல்லை. வேலைக்குப் போகும்போது அது, படுக்கும்போது அது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு அந்த இரண்டு ஷூக்களும் தனியாகத் தூங்கும். நான் கால்மாட்டில் படுத்து அவற்றைப் பார்த்துக்கொண்டே, சித்தப்பா லாரியோடு மேகத்துக்குள் நடந்து போவதாகக் கனவு காண்பேன். மேகம் எங்கள் ஊர் மேகம்தான், சிம்னியிலிருந்து வருவது.

போட்டி நாள் ஞாயிறு. ஆலைகளுக்கு விடுமுறை. ஆலைகளுக்கு நடுவே போகிற தார் ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நடுவர் ஒல்லியானவர், கழுத்தில் விசில், சட்டைப்பையில் ஓர் அளவுகோல். அவருக்கு நியாயம் என்றால் உயிர். ஒவ்வொருவரின் இடுப்பு பெல்ட்டையும் வாங்கித் தடிமன் அளந்தார். மணிக்கட்டில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி சுற்றச் சொன்னார். கையில் சாக்பீஸ் மாவு தடவலாம், பிசின் தடவக் கூடாது என்பது விதி. அதற்காக எல்லார் உள்ளங்கையையும் முகர்ந்து பார்த்தார். பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணன் கையை முகர்ந்தவர் கொஞ்சம் யோசித்தார்.

"இன்னா சார், மீனு வாசனைக்கும் தடையா?" என்று கேட்டார் அந்த அண்ணன்.

நடுவர் மனதுக்குள் விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார்.

மதியத்துக்குள் மற்ற கட்டங்கள் முடிந்தன. சித்தப்பாவும் பழவேற்காட்டு அண்ணனும் ஒரே புள்ளியில் நின்றார்கள். லாரி மட்டும் பாக்கி. குறித்த நேரத்துக்குள் அதிக தூரம் இழுப்பவருக்கு வெற்றி. அதில் ஒரு சிக்கல். லாரியில் ஏற்றுவதாக இருந்த இரும்புக் கட்டிகள் ஆலைக்கு உள்ளே இருந்தன. கேட் பாஸ் போட வேண்டிய ஆபீசர் ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். வாட்ச்மேன் அசையவில்லை. "முதலாளியே வந்தாலும் பாஸ் இல்லாம ஒரு ஆணி வெளிய போவாது" என்று சொல்லிவிட்டார். காலி லாரியை இழுப்பதில் என்ன பெருமை என்று கூட்டம் முணுமுணுத்தது. அப்போது யாரோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளான எங்களைக் கவனித்துவிட்டார்.

இப்படித்தான் நான் ஒரு போட்டிக் கருவியானேன்.

பிள்ளைகளை எல்லாம் லாரியில் ஏற்றி, பக்கத்திலிருந்த எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரும்பும் கரியும் எடை போடுகிற மேடை. எங்களையும் சேர்த்து எடை போட்டு ஒரு சீட்டு வந்தது. அதை நடுவர் லாரியின் முன் கண்ணாடியில் ஒட்டினார். பிறகு எங்களைப் பார்த்து விதியை அறிவித்தார். கடைசி ஆள் இழுத்து முடிக்கும் வரை யாரும் இறங்கக் கூடாது, ஏறக் கூடாது, தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது.

"சார், ஒண்ணுக்கு?" என்றான் ஒருவன்.

நடுவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். "எட கொறஞ்சிடும்பா. அடக்கிக்க" என்றார்.

மற்றவர்கள் இழுத்து முடித்தார்கள். அடுத்தது பழவேற்காட்டு அண்ணன். வெறுங்காலோடு வந்து நின்றார். நடுவர் ஷூ எங்கே என்று கேட்டார். "படகுல ஷூ போட்டா வழுக்கும் சார். பழக்கம் இல்ல" என்றார் அவர். கூட்டத்தில் ஒருவர் தன் கேன்வாஸ் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணனின் பாதம் முறம் மாதிரி அகலம். விரல்களே உள்ளே போகவில்லை. அப்போது சித்தப்பா தன் பல்லி ஷூ ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். குனிந்து, அதை அவர் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பாதம் நாலு பக்கமும் வெளியே வழிந்தது. இருவரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே குஷி. சித்தப்பா எதிரியைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக் கைதட்டினேன்.

"ஷூ போடுறதும் போடாததும் அவங்கவங்க இஷ்டம். ரூல்ல அப்படித்தான் இருக்கு" என்றார் நடுவர். ஒண்ணுக்குப் போவதற்குக்கூட விதி இருந்த அந்தப் போட்டியில் காலுக்கு விதி இல்லை.

விசில் ஊதியது. அண்ணன் தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நான் என்னால் முடிந்த அளவு கனமானேன். கண்ணை மூடி, இரும்புக் கட்டிகளையும் தண்ணீர்த் தொட்டியையும் எங்கள் தலைமை ஆசிரியரையும் நினைத்துக்கொண்டு பலகையில் அழுந்தி உட்கார்ந்தேன். லாரி என்னை மதிக்காமல் நகர்ந்தது. வலை இழுக்கிற மாதிரி அவர் ஒரு ராகத்தில் இழுத்தார். தார் இளகியிருந்தது, பாதம் வழுக்கி வழுக்கிப் பிடித்தது. நேரம் முடிந்து விசில் ஊதியதும் முன் சக்கரம் நின்ற இடத்தில் நடுவர் கோடு போட்டார். அண்ணன் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அவர் நடந்துபோன வழியில் ரோட்டில் ஈரமாகச் சில அடையாளங்கள் தெரிந்தன. வேர்வை என்று நினைத்தேன். வேர்வை ஏன் சிவப்பாக இருக்கிறது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. எனக்கு என் வேலை இருந்தது.

டிரைவர் லாரியைப் பின்னால் எடுத்து புறப்பட்ட கோட்டிலேயே நிறுத்தினார். சித்தப்பாவின் முறை. நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் பெரியப்பா மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா; வகுப்பில் முதல் மார்க். "இன்னாடா பண்ற?" என்றாள். விரலால் சைகை செய்து விளக்கினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"லூசு. காத்த உள்ள வெச்சிக்கினா வெயிட்டு ஏறும். வெளிய வுடணும்."

எத்தனை பெரிய துரோகம் செய்யவிருந்தேன். உடனே எல்லாக் காற்றையும் வெளியே விட்டேன். அது போதாது என்று தோன்றவே, தலைக்கு மேலிருந்த தார்ப்பாய்க் கம்பியைப் பிடித்துத் தொங்கி, கால் இரண்டையும் தூக்கிக்கொண்டேன்.

"கம்பியும் லாரியிலதான்டா இருக்கு" என்றாள் அக்கா.

நான் காலை இன்னும் உயரத் தூக்கினேன். பதில் சொல்ல மூச்சு வேண்டும்.

அப்படித் தொங்கிக்கொண்டே கீழே பார்த்தபோதுதான் அந்த அநியாயம் கண்ணில் பட்டது. சித்தப்பா ரோட்டில் அந்தச் சிவப்பு ஈரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்தார். ஏதோ கோயிலுக்குள் போகிறவர் மாதிரி.

"டேய், இன்னாடா பண்ற? ஷூவப் போடுறா" என்று நைனா கத்தினார். "சார், அவன ஷூவப் போடச் சொல்லு சார்."

"அவங்கவங்க இஷ்டம்" என்றார் நடுவர்.

விசில். சித்தப்பா சாய்ந்தார். லாரி அசைந்தது. அதன் பிறகு நடந்தவற்றுக்கு நான் முழுமையான சாட்சி அல்ல. காற்றில்லாத மூளைக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். சத்தங்களெல்லாம் தண்ணீருக்கு அடியில் போயின. தார் ரோடு பழவேற்காட்டு ஏரியாகி மினுங்கியது. லாரி படகாக மிதந்தது. சிம்னிகள் கொக்குகள் மாதிரி ஒற்றைக் காலில் நின்று எங்களைப் பார்த்தன. முன்னால் சித்தப்பா வெறுங்காலோடு தண்ணீரின் மேல் நடந்தார். எனக்கு எடையே இல்லை. கம்பியை விட்டால் மேலே போய்விடுவேன் என்று பயந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணனுக்குப் போட்ட கோடு கிட்டத்தில் வந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு சாண்.

அந்த ஒரு சாணில் என் உடம்பு என்னைக் கேட்காமல் ஒரு மூச்சை இழுத்துவிட்டது. அதே கணம் லாரி நின்றது. விசில் ஊதியது.

சித்தப்பா தோற்றார். அவர் பழவேற்காட்டு அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதையும், இருவரின் கால்களுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றியதையும் பார்த்தேன். நைனா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் லாரியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆறுதல் சொன்னவர்களுக்கெல்லாம், நான் மூச்சை இழுத்ததால் வந்த வினை இது என்று விளக்கினேன். பல்லு உடைந்தபோது தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று ஒருவர் கேட்டார்.

அடுத்த வாரமே சித்தப்பா உலைவாயில் போய் நின்றார். பழவேற்காட்டு அண்ணன் பெரிய போட்டிக்குப் போனார். அங்கே எல்லாருக்கும் காலுக்குச் சரியான ஷூ கொடுத்தார்களாம். அந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு கூடை இறால் வீட்டுக்கு வந்தது. வருடா வருடம் வருகிறது. வென்றவன் நம்மைக் குத்திக்காட்டத்தான் அனுப்புகிறான் என்று நினைத்து முதல் வருடம் நான் அந்த இறாலைத் தொட மாட்டேன் என்று சபதம் செய்தேன். தொக்கு வாசனை வரும் வரை சபதம் உறுதியாக இருந்தது.

சித்தப்பா இப்போது ஷிப்டு மேஸ்திரி. இடுப்பு பெல்ட்டுக்கு வேலை வைக்காத அளவுக்குத் தொப்பை. போன பொங்கலுக்கு மணவாள நகரில் அக்கா வீட்டில் எல்லாரும் கூடினோம். இறால் வந்திருந்தது. சித்தப்பா எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் காலுக்கு ஷூ வாங்க அலைந்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் விளங்கியிருந்தது. அந்த ஒற்றை ஷூவை எதிராளியின் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தது கிண்டலுக்கு இல்லை என்று. எடையைக் கிலோ சுத்தமாகச் சரிபார்த்த நடுவர் விட்டுவிட்ட ஒன்றை, தன்னாலான அளவில் இவர் சரிசெய்யப் பார்த்தார் என்று. அதற்கு அவர் கொடுத்தது என்ன என்று.

இதையெல்லாம் எப்படியாவது அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "சித்தப்பா, அன்னிக்கு அவர் கால்ல ரத்தத்தப் பாத்துட்டுத்தான நீ ஷூவ கழட்டுன? ரூலே இல்லாதப்ப நீயா ஒரு ரூல் போட்டுக்கின. எனக்கு இப்பதான் புரியுது."

சித்தப்பா நிமிரவில்லை. வாயிலிருந்த இறாலை நிதானமாக மென்று முடித்தார்.

"ஷூ கடிச்சுதுடா."