எல்டன் அடக்கிய மூணாம் தரம்

எல்டன் க்ரெனெக் வாயை மூடி நெப்ராஸ்காவில் யாரும் பார்த்ததில்லை. மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுவதுதான் பிழைப்பு. சின்ன வயதில் அப்பாவின் பன்றிகளுக்கு முன்னால் நின்று பழகிய குரல். கல்யாணத்தில் பாதிரியார் கேள்வியை முடிப்பதற்குள் மூன்று முறை சம்மதம் சொன்ன ஆள்! அப்பேர்ப்பட்ட மனிதருக்கு எழுபத்தெட்டு வயதில் மேடையிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்திலிருந்து மகாதமனிக்குள் ரத்தம் நுழையும் வாசலில் இருக்கிற வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம்.

நெஞ்சைத் திறந்தால் உடம்பு தாங்காது. தொடை வழியாகப் புது வால்வை ஏற்றலாம்; ஆனால் அளவெடுக்க ஸ்கேன் படம் துல்லியமாக விழ வேண்டும். படத்தில் ரத்தக்குழாய் தெரிய ஊசி வழியாக ஏற்றும் சாயத்தை இன்னொரு முறை ஏற்ற அவருடைய சிறுநீரகம் இடம் கொடுக்காது. இருப்பது ஒரே வாய்ப்பு!

மேசையில் படுத்ததும் இதயம் தறிகெட்டு ஓடியது. இப்படி ஓடினால் படம் கலங்கிப்போகும். வேகத்தைக் குறைக்கும் மாத்திரையோ இந்த வால்வுக்கு ஆபத்து. ஸ்கேன் எடுக்கும் கெர்ரி, கண்ணாடிக்கு அப்பாலிருந்து மைக்கில் கேட்டாள்.

"என்ன எல்டன், பயமா?"

"பயமா, எனக்கா? இந்த அமைதிதாம்மா ஆளைக் கொல்லுது! கல்லறைகூட இதைவிடக் கலகலப்பா இருக்கும்."

கெர்ரி மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவள். "அப்போ எனக்கு ஒரு மாடு வித்துக் காட்டுங்க. கையை மட்டும் ஆட்டாதீங்க."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "செவலைக் கிடாரி! பூனை மாதிரி சாது! ஆயிரம் டாலர், யாரு கேக்குறது?"

"அந்த நொண்டிக்கா? எண்ணூறு!"

"கண்ணாடிக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டுப் பேரம் பேசுறியே, வெட்கமா இல்ல?"

கூவக் கூவ அவருக்குச் சந்தையே திரும்பி வந்துவிட்டது. திரையில் துடிப்பு இறங்கியது, இன்னும் இறங்கியது, சீரானது! கெர்ரிக்குக் கை பரபரத்தது.

"சரி, ஆயிரம்! உடம்பு சுடும், அசையாதீங்க!" என்று கத்திவிட்டுச் சாயத்தை ஏற்றினாள்.

"ஆயிரம் ஒரு தரம்! ஆயிரம் ரெண்டு தரம்!"

"மூச்சை அடக்குங்க!"

அடக்கினார். உள்ளாடை நனைந்துவிட்டதோ என்னும்படி இடுப்பில் சூடு இறங்கியது. மூணாம் தரம் நாக்கு நுனியில் துடித்தது. ஆள் அசையவில்லை. அம்மாடி, அந்தச் சில நொடிகள்!

"விடலாம்!"

"மூணு தரம்!" அறையே அதிர்ந்தது.

அன்று மாலை மருத்துவர் படத்தைக் காட்டினார். வளைந்து எழும்பும் மகாதமனி, அதன் அடியில் திட்டுத்திட்டாக வெள்ளைச் சுண்ணாம்பு, ஓரமெல்லாம் அத்தனை தெளிவு. "தொடை வழியாவே போட்டுடலாம். இலையுதிர்காலச் சந்தைக்கு நீங்கதான் மேடையில."

எல்டன் மறுபடி மூச்சை அடக்கியவர்போல் படத்தையே பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது, கண் நிறைந்திருந்தது. மனைவி வெர்னா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

"மூச்சு விடலாம்னு அப்பவே சொல்லிட்டாங்க, மனுஷா!"