தறி நின்றால் கேட்கும் இருமல்

தெய்வானை சிஸ்டர் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் தறிக்காரர் நாச்சிமுத்து. கோவையில் என் கிளினிக்குக்குப் போன் செய்து, "டாக்டருங்களா, நம்ம சிஸ்டர் போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம், அவ்வளவுதானுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் இன்று உயிரோடு இருப்பதற்குச் சிஸ்டர்தான் காரணம். அவர் பிழைத்ததில் என் பங்கு ஒன்றுமில்லை. சாகக் கிடந்ததில்தான் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், படித்து முடித்த கையோடு சோமனூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் சேர்ந்தேன். சிஸ்டர் அங்கே செவிலியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இதைப் படிக்கும் சோமனூர்க்காரர்கள் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். அதற்கு முன்னால் திட்டியும் இருப்பார். விசைத்தறி ஓட்டுகிறவர்கள் இருமிக்கொண்டே வருவார்கள். "பஞ்சுதானுங்க. தறிக்காரனுக்கு இருமல் இல்லாம இருக்குமுங்களா?" என்று அவர்களே நோயைச் சொல்லிவிடுவார்கள். நானும் தலையாட்டிவிட்டு இருமல் டானிக் எழுதித் தருவேன். நாச்சிமுத்துவுக்கு மூன்று முறை எழுதினேன்.

சிஸ்டருக்கு ஒரு பழக்கம். கரண்ட் போனால் உட்கார மாட்டார். குடையை எடுத்துக்கொண்டு தறிக்கூடங்களைப் பார்க்கப் புறப்பட்டுவிடுவார். புழுக்கம் தாங்காமல் ஓடுகிறார் என்று கேலி செய்தேன். "ஏனுங்க டாக்டரே, தறி ஓடறப்ப பக்கத்துல நிக்கறவன் இருமுனாலும் கேக்காது. கரண்ட் போனாத்தானுங்க எவன் இருமறான்னு தெரியும்" என்றார். அப்படி ஒருநாள் தறிக்கூட வாசலில் நின்று அவர் கேட்டதுதான் நாச்சிமுத்துவின் இருமல்.

கையோடு அவரை அழைத்துவந்து என் முன்னால் உட்காரவைத்தார். "எத்தன நாளா இருமல்? சாயங்காலமானாக் காய்ச்சல் வருதுங்களா? வேட்டி இடுப்புல நிக்குதா, நழுவுதா?" மூன்று மாதம், வருகிறது, நழுவுகிறது. இதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. மறுநாள் காலைச் சளியைச் சோதித்தோம். காசநோய். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. சிஸ்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஊட்டுல சின்னப் புள்ளைக இருக்குதுங்களா? அதுகளையும் கூட்டியாங்க" என்று நாச்சிமுத்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சோதித்ததில் இளைய மகளுக்கும் தொற்றியிருந்தது. என் மூன்று பாட்டில் டானிக் தீர்வதற்குள் அந்தக் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இரண்டு மாத மருந்தில் இருமல் நின்றது. நாச்சிமுத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார். சென்னிமலையில் மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போனவர் ஊர் திரும்பவில்லை. சிஸ்டர் பஸ் பிடித்துப் போய், பந்தியில் அவருடைய இலைக்கு முன்னால் நின்றிருக்கிறார். சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவில் நோயின் பெயரை எடுக்கவில்லை. "பொட்டலத்த மறந்துபோட்டு வந்துட்டீங்க" என்று மட்டும் சொல்லி நீட்டியிருக்கிறார். பிறகு வாசலுக்கு வரவழைத்து, "நல்லாயிருச்சுன்னு நீங்க சொல்லப்படாதுங்க. நாஞ் சொல்லோணும்" என்றாராம். மருந்துக்காலம் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதைச் சொன்னார். மகளும் தேறினாள்.

துக்க வீடு என்றால் வீட்டைச் சுற்றியுள்ள தறிகளை மட்டும் நிறுத்திவிடுவார்கள். சிஸ்டருக்காக அன்று ஊரில் ஒரு தறிகூட ஓடவில்லை. நான் மாலையோடு போய் இறங்கியபோது பந்தல் நிறைந்திருந்தது. பின்வரிசையில் ஒருவர் இருமினார். சற்றுப் பொறுத்து மறுபடியும் இருமினார். நான் திரும்புவதற்குள் நாச்சிமுத்து எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, எத்தன நாளா இருமல்?"

"ஒரு மாசமா இருக்குமுங்க. பஞ்சுதானுங்க."

சிஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, அந்தப் பதிலை நம்பாமல் இருக்கும் பழக்கம்தான். இருமியவரைக் காலையில் சளிச் சோதனைக்குப் போகச் சொல்லி, கூட்டிப்போவதாக நாச்சிமுத்துவிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சிஸ்டருக்கு மாலை போட்டேன்.